மருந்து செய்வதிலும் சிக்கனம்



காய்ச்சலுக்கோ மூட்டு வலிக்கோ நாம் உட்கொள்ளும் மாத்திரை விரல் நுனியில் அடங்கிவிடுகிறது. அதனைச் செய்தபோது எவ்வளவு பொருள் கழிவாயிற்று என்று நாம் கேட்பதில்லை. வேதியியலார் சிலர் கேட்டனர். மருந்துத் தொழிலில் ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோவும் அதற்கு மேலும் கழிவு சேர்கிறது என்று 1992-இல் ரோஜர் ஷெல்டன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார்.

இது எவ்வாறு நேர்கிறது? நாசரேத்தூரில் புனித சூசையப்பரின் தச்சுப் பட்டறையை எண்ணிப் பார்ப்போம். கட்டையை இழைத்தால் சீவலும் தூளும் விழத்தான் செய்யும். அவை அடுப்பெரிக்கவாவது உதவும். மருந்து செய்யும் வினைகளிலும் இத்தகைய சீவல்கள் உண்டு. ஆனால் அவற்றுள் பல எதற்கும் உதவாதவை. நீரையும் நிலத்தையும் கெடுக்க வல்லவை.

ஐபுபுரொஃபென் என்னும் வலி நீக்கியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மூட்டு வாத நோயாளருக்கு ஆஸ்பிரினைவிடத் தீங்கு குறைந்த மருந்தொன்றைத் தேடிய ஸ்டூவர்ட் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரின் பூட்ஸ் நிறுவனத்தில் 1961-இல் இதனைக் கண்டனர். 1969-இல் அது அந்நாட்டில் நோயாளரை எட்டியது. எத்தனையோ பேரின் வேதனை தணிந்தது.

ஆயினும் அதனைச் செய்ய ஆறு படிகள் தேவைப்பட்டன. வினைகள் யாவும் குறைவின்றி நடந்தாலும், அவற்றில் சேரும் பொருள்களில் நூற்றுக்கு 40 பங்கே மருந்தாகும். 60 பங்கு வீணாகும். வினையைத் தூண்டச் சேர்த்த அலுமினியம் குளோரைடும் மீண்டும் பயன்படாமல் கழிவோடு சென்றது.

பின்னர் அதே நிறுவனம் ஹெக்ஸ்ட் செலனீஸ் என்னும் நிறுவனத்தோடு கூடிப் புது வழி கண்டது. 1992-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பிஷப் என்னும் ஊரில், அவ்வழியில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆறு படிகள் மூன்றாயின. 40 பங்கு 77 ஆயிற்று. எஞ்சுவது அசெட்டிக் அமிலம். காடிக்குப் புளிப்புத் தரும் அதே பொருள். அதனையும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதால் நூற்றுக்கு 99 பங்கு வீணாவதில்லை. 1997-இல் இம்முறை அமெரிக்க நாட்டின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

இம்முறையில் இடர் ஏதுமில்லை என்று கூறிவிட இயலாது. இதில் பயன்படும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கொடிய நஞ்சு. ஆனால் அது வெளியே கொட்டப்படுவதில்லை. ஏறத்தாழ முழுவதும் மீட்கப்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. சேர்ந்த கழிவைத் துப்புரவு செய்வதைவிடக் கழிவே தோன்றாமற் காப்பது மேல் என்பதே பசுமை வேதியியலின் முதல் நெறி. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பன்னிரு நெறிகளில் அதுவே தலையாயது.

இந்நெறி நமக்குப் புதிதன்று. ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரின் பசியாற்றிய ஆண்டவர், மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவரே துண்டுகளை வீணாக்க ஒப்பவில்லையெனில், படைப்பைப் பேணும் கடமை பெற்ற நாம் எம்மாத்திரம்! திருத்தந்தை பிரான்சிஸும் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பொருளைப் பயன்படுத்தி எறிந்துவிடும் பழக்கத்தைக் கண்டித்தார். ஒருவரின் நோயைத் தீர்க்கும் மருந்து, ஆலைக்கு அருகே வாழும் மற்றொருவரின் குடிநீரைக் கெடுக்குமாயின், அது பிறரன்புக்குப் பொருந்துமோ?

ஆலைகளின் பணியை நாம் செய்ய இயலாது. எனினும் நம் இல்லத்தில் செய்யத்தக்கது உண்டு. மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் மருந்து வாங்கிக் குவியாதிருப்போம். காலங்கடந்த மாத்திரைகளைக் கிணற்றங்கரையிலும் சாக்கடையிலும் கொட்டாதிருப்போம். நமக்கு நலம் தந்த மருந்து, நம் அயலாருக்கும் இறைவன் படைத்த மண்ணுக்கும் தீங்காகாதிருப்பதாக.