ஒரே பெயர், பல உரிமையாளர்கள், ஒரே முகவரி

'மெர்க்' என்ற பெயரில் உலகில் இரண்டு பெரிய மருந்து நிறுவனங்கள் உள்ளன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1668இல் மெர்க் குடும்பத்தின் கைக்கு வந்த ஒரு மருந்துக் கடை. 1891இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கக் கிளை, முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் நடவடிக்கையால் தாய் நிறுவனத்திடமிருந்து அறுபட்டது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் பெயர் அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தம். மற்ற நாடுகளில் ஜெர்மன் நிறுவனத்துக்கு. எல்லை தாண்டினால் முன்னது எம்எஸ்டி, பின்னது இஎம்டி.

ஒப்பந்தத் தாளில் ஒழுங்காக இருந்த இந்தப் பாகப்பிரிவினை இணையத்துக்கு வந்ததும் சிக்கிக்கொண்டது. மெர்க்.காம் ஒன்றுதான் இருக்க முடியும். அது அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனம் தன் இணையதளங்களில் பெயரைப் பயன்படுத்திய விதம் இரு நிறுவனங்களும் செய்துகொண்ட 1970ஆம் ஆண்டு உடன்பாட்டை மீறியது என்று 2016இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடும் வழக்கு ஓயவில்லை.

சிக்கலின் வேர் இரண்டு விதிகள் மோதுவதில் இருக்கிறது. டிரேட்மார்க் சட்டம் ஒரு பெயரைப் பலருக்குக் கொடுக்கும். சரக்குகளுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகளாகச் சந்தையைப் பிரித்து, வகுப்புக்கு வகுப்பு, நாட்டுக்கு நாடு வேறு வேறு உரிமையாளர்களை அனுமதிக்கிறது. டொமைன் முறையோ ஒரு முகவரியை ஒருவருக்கு மட்டுமே தரும். முந்தியவர் கையில் முகவரி, அவ்வளவுதான்.

இதன் விலையைக் கொடுத்தவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினி வணிகம் செய்த உசி நிசான். நிசான் அவருடைய குடும்பப் பெயர். நிசான் கார் நிறுவனம் அமெரிக்காவில் 'டட்சன்' என்ற பெயரில் வண்டி விற்ற 1980லேயே அவர் தன் பெயரில் தொழில் தொடங்கிவிட்டார். 1994இல் நிசான்.காம் முகவரியைப் பதிவுசெய்தார். 1999 இறுதியில் கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இழுத்த வழக்கின் முடிவில் முகவரி அவரிடமே நின்றது. இருவரில் யாரும் திருடர் இல்லை. இருவருக்கும் அந்தப் பெயரில் நியாயமான உரிமை உண்டு. ஒருவர் வென்றால் மற்றவர் மறைய வேண்டும் என்ற அமைப்புதான் அவர்களை எதிரிகளாக்கியது.

இணைய முகவரி முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறு தீர்வு நடைமுறை, பிறர் பெயரைக் கெட்ட எண்ணத்தோடு பதிவுசெய்து விலை பேசுபவர்களைப் பிடிக்க உதவுகிறது. நேர்மையான இரு உரிமையாளர்கள் வந்து நின்றால் அதனிடம் விடை இல்லை. விடை பெயரேட்டில் இருக்கிறது என்பதே என் வாதம். ஒரு பெயரைத் தட்டினால் அதன் உரிமையாளர்கள் எல்லோரையும் ஊர், தொழில், முகவரியோடு காட்டும் பொதுப் பட்டியல்.

இது புதிய யோசனை அல்ல. 'ஸ்கிராபிள்' விளையாட்டின் உரிமை வட அமெரிக்காவில் ஹாஸ்புரோவிடமும் மற்ற இடங்களில் மேட்டலிடமும் இருந்தது. 1990களின் இறுதியில் ஸ்கிராபிள்.காம் போனால் உங்கள் நாடு எது என்று கேட்கும் ஒரு பக்கம் வரும். பதிலைப் பொறுத்து உரியவரின் தளத்துக்கு அனுப்பும். சண்டைக்கே வேலையில்லை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பும் 1999 அறிக்கையில் இத்தகைய நுழைவுப் பக்கங்களைப் பேசியது. அதற்கு முந்தைய ஆண்டே இணையப் பொறியாளர் ஜான் கிளென்சினும் அவருடைய கூட்டாளிகளும், நிறுவனப் பெயரைக் கொடுத்தால் இணைய முகவரிகளைத் தரும் எளிய சேவை ஒன்றை ஆர்எஃப்சி 2345 என்ற ஆவணத்தில் முன்மொழிந்திருந்தார்கள். அது பரவவில்லை. பரவியது ரியல்நேம்ஸ். ஒரு சொல்லை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்துக் காசாக்கிய சேவை அது. பழைய நோயையே புதிய இடத்துக்குக் கொண்டுபோனது. மைக்ரோசாஃப்ட் கைவிட்டதும் 2002இல் மூடப்பட்டது.

இப்போதுதான் கூகுள் இருக்கிறதே என்பார்கள். தேடுபொறி பிறர் பெயரையும் விளம்பரச் சொல்லாக விற்கிறது. இந்த விற்பனையில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, முனைப்பான பங்கேற்பாளர் என்று 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவே தன்னளவில் விதிமீறல் ஆகாது என்றும் சொன்னது. பணம் கொடுத்தவர் மேலே நிற்கும் பட்டியலைப் பெயரேடாக ஏற்க முடியாது. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, போலித் தளத்தில் வங்கி விவரத்தைக் கொடுத்து ஏமாறுபவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

எனில் நல்ல பெயரேடு எப்படி இருக்க வேண்டும்? வரிசைக்குக் காசு வாங்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. '12ஆம் வகுப்பு' என்று எழுதாமல் 'வாகனங்கள்' என்று எழுத வேண்டும். வகுப்பு எண் வழக்கறிஞருக்குப் போதும், கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் போதாது. இலச்சினையைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும், கண் அதைத்தான் முதலில் அடையாளம் காணும். ஒலியை வைத்தும் தேட முடிய வேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள முத்திரைக்கு ஆங்கில அல்லது இந்தி எழுத்துபெயர்ப்பை விண்ணப்பத்திலேயே இந்திய டிரேட்மார்க் விதிகள் கேட்கின்றன. ஆகவே 'முருகன்' என்று தமிழில் தட்டினால் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்ட முருகன்களும் வருமாறு செய்யத் தேவையான சரக்கு டிரேட்மார்க் பதிவாளர் கையிலேயே இருக்கிறது.

அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிரேட்மார்க் பதிவு பத்தாண்டு நீடிக்கும். டொமைனைப் பலர் ஆண்டுக்கு ஆண்டுதான் புதுப்பிக்கிறார்கள். ஒரு நிறுவனம் மறந்து முகவரியை விட்டுவிட்டால், பின்னர் அதை வாங்கும் மோசடிக்காரருக்குப் பெயரேடே நற்சான்று வழங்கிவிடும். இதற்கு மருந்து கைவசம் உண்டு. டிரேட்மார்க் பதிவாளர் தரும் தனிக் குறியீட்டை டொமைனின் டிஎன்எஸ் பதிவில் வைக்கச் சொல்ல வேண்டும். கணினி அதை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். குறியீடு காணாமல் போனது தெரிந்த கணமே இணைப்பு மறைய வேண்டும். மின்னஞ்சல் சேவைகளும் தேடுபொறிகளும் டொமைன் உரிமையைச் சோதிக்க இதையே அன்றாடம் செய்கின்றன.

பதிவு செய்யாத கடைகளை மறக்கக் கூடாது. நெடுநாள் பயன்பாட்டால் வந்த பெயருரிமையை நம் நீதிமன்றங்கள் காக்கின்றன. டொமைன் பெயருக்கும் அந்தக் காப்பு உண்டு என்று சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியலில் இல்லாதவர் போலி என்ற எண்ணம் வராதபடி, 'பதிவு பெற்றவை மட்டும்' என்று ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட வேண்டும்.

இப்போதுள்ள பதிவேடுகள் இந்த வேலையைச் செய்வதில்லை. புதிய டொமைன் வகைகளுக்காக 2013இல் ஐகான் தொடங்கிய டிரேட்மார்க் தரவு மையம் பொதுமக்கள் திறந்து பார்க்கக்கூடியது அல்ல. 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் டொமைன் பதிவேட்டிலும் உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. தனிநபருக்கு அது தேவையான காப்பு. பெயரை வைத்துப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அல்ல. இந்திய டிரேட்மார்க் விண்ணப்பம் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கேட்கிறது. அடுத்த விதித் திருத்தத்தில் சரிபார்க்கப்பட்ட இணைய முகவரிக்கும் ஒரு கட்டம் சேர்த்து, அதைப் பொதுத் தேடலில் திறந்து வைக்க வேண்டும். விரும்பியவர் நிரப்பட்டும், கட்டணம் வேண்டாம்.