வழுக்கும் மேல்மெத்தை

மெத்தையின் மேல் விரிக்கும் மேல்மெத்தை வழுக்குவதைச் சொகுசுக்காரரின் கவலை என்று நகைப்போர் உளர். அவர்கள் வன்னியை அறியாதவர்கள். 2009இல் முடிந்த போரில் கால் இழந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்றும் வாழ்கின்றனர். இரவில் செயற்கைக் காலைக் கழற்றிவைத்தவர் கட்டில் விளிம்பில் கையூன்றியே எழவேண்டும். அக்கணத்தில் மேல்மெத்தை நழுவினால் விழுவது அவர்தான்.

றெக்சின் உறைமீது வழுவழுப்பான துணி பிடிமானமின்றி ஓடும்; உராய்வு பற்றிப் பள்ளியிலேயே படித்தோம். இடையில் ஒரு றப்பர் வலை விரிப்பு, அல்லது நான்கு மூலைகளிலும் மெத்தையைக் கவ்விப்பிடிக்கும் இலாஸ்டிக் பட்டி: இவ்வளவே மருந்து. இவையின்றி விற்பது வணிகப் பொறுப்பின்மை. இவையின்றி அன்பளிப்பாக வழங்குவதும் அவ்வாறே. புலம்பெயர்ந்த உறவுகளே, ஊருக்கு மெத்தை வாங்கிக் கொடுப்பதாயின் பட்டிகளையும் தைப்பித்துக் கொடுங்கள். ஊன்றிய கைக்கு உறுதி தராத மென்மை உதவியாகாது.