நடிக்க ஆசையா, நடிகனாக ஆசையா?

தமிழ்த் தினப் போட்டி நாடகத்துல ஒரு தடவை கைதட்டு வாங்கினவங்களுக்கு அந்தச் சத்தம் லேசில மறக்காது. எனக்கும் மறக்கல. மதுரங்குளியில இருந்து வலய மட்டம் வரைக்கும் போனோம். தலையில பவுடரைக் கொட்டிக்கிட்டு நான் ஒரு கிழட்டு முதலாளியா வந்தேன். ஏ.எல். எழுதின கையோட "நான் நடிக்கப் போறேன்" என்று வீட்டில சொன்னேன். உம்மா கத்தல. "நல்லம் மகன். மாசக் கடைசியில கையில என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டாங்க.

மூணு நாள் உம்மாவோட பேசல. பிறகு ஒரு ஹாட்வெயார் கடையில வேலைக்குப் போனேன். இப்பவும் அந்தக் கடைதான் சோறு போடுது. வருசத்துக்கு ஒண்டு ரெண்டு நாடகம் நடிக்கிறேன்.

இப்ப என் மாமிட மகன் அதே இடத்துல நிற்கிறான். ஏ.எல். முடிஞ்சுது. எல்லாத்தையும் விட்டுட்டுக் கொழும்புக்குப் போகப் போறானாம். "நானா, பின்னால ஒரு வழியை வச்சிக்கிட்டு முன்னால போக ஏலாது. விஜய் சேதுபதியைப் பாருங்க" என்கிறான்.

சரி, பார்ப்போம். விஜய் சேதுபதி துபாயில கணக்காளரா இருந்தவர். 2003ல ஊர் திரும்பினார். பிறகு சென்னையில ந. முத்துசாமி தொடங்கின கூத்துப்பட்டறைக்குப் போனார். அங்க அவர் சேர்ந்ததும் கணக்குப் பார்க்கத்தான். கணக்கெழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்யிறதைப் பக்கத்துல இருந்து பார்த்தார். சின்னச் சின்ன வேடம், தொலைக்காட்சித் தொடர், குறும்படம் என்று வருசங்கள் போச்சு. கதாநாயகனா வந்த 'தென்மேற்குப் பருவக்காற்று' வெளியானது 2010 கடைசியில. நாம 2010ஐ மட்டும் பார்த்துட்டு நடுவில கிடக்கிற ஏழு வருசத்தைத் தாண்டிப் போயிடுறோம்.

அதுவும் தமிழ்நாட்டில. அங்க வருசத்துக்கு நூற்றுக்கும் மேல படம் வருது. இங்க நிலைமை வேற. இலங்கையின் முதல் தமிழ்ப் படம் 'சமுதாயம்' 1962ல வந்தது. அறுபது வருசம் தாண்டியும், தமிழ்ல மட்டும் நடிச்சு வீட்டு வாடகை கட்டலாம் என்ற ஒரு துறை இங்க உருவாகல. தியேட்டர்ல இந்தியப் படத்தோட போட்டி போட நமக்கு முதலும் இல்ல, அவ்வளவு பார்வையாளர்களும் இல்ல. இது திறமைக் குறைவு இல்ல, சந்தையின் அளவு.

அப்ப இங்க யாரும் நடிகனாகலையா? ஆனாங்க. தர்ஷன் தர்மராஜ் இறக்குவானைப் பக்கத்துத் தமிழர். அவர் பெயரெடுத்தது பெரும்பாலும் சிங்களத் திரையில. அசோக ஹந்தகம 2012ல எடுத்த தமிழ்ப் படம் 'இனி அவன்' அவரைக் கான் வரைக்கும் கொண்டு போனது. போர் முடிஞ்சு யாழ்ப்பாணத்து ஊருக்குத் திரும்புற முன்னாள் போராளி வேடம். 2022 அக்டோபர்ல, நாற்பத்தொரு வயசில மாரடைப்பால போயிட்டார். அவர் வாழ்க்கையில இருந்து நான் எடுக்கிற பாடம் ஒண்டு: இந்த நாட்டில தமிழ் நடிகனுக்கு முதல் பயிற்சி சிங்களம்.

எழுத்தாளர் ஷோபாசக்தியையும் சொல்லணும். அகதியா பிரான்சுக்குப் போனவர். உணவகம், சுப்பர்மார்க்கெட் என்று கிடைச்ச வேலையெல்லாம் செய்தார். 2015ல கான் விழாவின் உயர்ந்த விருது வாங்கின 'தீபன்' படத்துல கதாநாயகனா நடிக்கும்போது வயசு நாற்பதைத் தாண்டிட்டுது.

இந்த மூணு பேரும் வேற வேலை தெரிஞ்சவங்க, அல்லது வேற மொழிக்குள்ள போகத் துணிஞ்சவங்க. நம்ம நாட்டுக் கூத்து மரபும் அப்படித்தான். மட்டக்களப்பிலயும் மன்னாரிலயும் பகல்ல வயலுக்கும் கடலுக்கும் போனவங்கதான் இரவில ராசாவா ஆடினாங்க. அவங்களைப் 'பகுதிநேரக் கலைஞர்' என்று யாரும் குறைச்சுச் சொல்லல. சம்பளம் வாங்கினாத்தான் நடிகன் என்ற எண்ணம் நமக்குச் சினிமா தந்தது.

அதுக்காக முழுநேரமாப் போகாதே என்று நான் சொல்லல. போறதுக்கு முன்ன உன்னையே சோதிச்சுப் பார். ஒத்திகைக்கு முதல் ஆளா வருவியா? வசனமே இல்லாத வேடத்துக்கு மூணு மணித்தியாலம் பஸ்ஸில போவியா? பத்து இடத்துல "வேணாம்" என்று சொன்ன பிறகு பதினோராவது இடத்துக்கு அதே முகத்தோட போக ஏலுமா? நடிகன்ட வேலையில பெரும்பகுதி இதுதான். கேமரா முன்னுக்கு நிற்கிறது மிச்சக் கொஞ்சம். அந்தப் பெரும்பகுதி பிடிச்சா, நீ நடிக்க ஆசைப்படுறாய். கைதட்டு மட்டும்தான் பிடிச்சா, நடிகனாக ஆசைப்படுறாய். ரெண்டாவது ஆசை தப்பில்ல, ஆனா அதை நம்பி வீட்டை அடகு வைக்காதே.

தங்கச்சிமாருக்கு இந்தக் கேள்வி இன்னும் பாரம். காசைப் பற்றி யோசிக்க முன்னமே "ஊர் என்ன சொல்லும்" வந்து நிற்கும். என்னோட அந்த நாடகத்தை எழுதினதும் பழக்கினதும் ஒரு பிள்ளைதான். மேடையில மட்டும் அவ ஏறல. அவளுக்கு இருந்தது என்னை விடப் பெரிய திறமை என்று இப்ப விளங்குது. பள்ளியில நாடகமும் அரங்கியலும் பாடமா இருக்கு. யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் அதையே பட்டமாப் படிக்கலாம், படிச்சுட்டு ஆசிரியராகலாம். வீட்டோட பேச அது ஒரு நல்ல வழி.

மாமிட மகனுக்கு நான் சொன்னது இதுதான்: கொழும்புக்குப் போ. ஆனா முதல்ல அங்க ஒரு வேலையைத் தேடு, சிங்களம் படி, ஒரு நாடகக் குழுவில சேர்ந்து ரெண்டு வருசம் கதிரை தூக்கு. அதுக்குப் பிறகும் ஆசை இருந்தா, உம்மாட கேள்விக்கு உன்கிட்ட ஒரு பதில் இருக்கும்.

என்கிட்ட அண்டைக்கு அது இருக்கல. நான் விட்டுக் கொடுத்தேனா, தேர்ந்தெடுத்தேனா என்று சில இரவு இன்னும் யோசிக்கிறேன். அவனுக்கு அந்த யோசனை வரக்கூடாது.