துக்கத்துக்கு ஒரு வாழ்த்து

பெரிய வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் திருத்தணி மலையில் கூட்டம் கூடுகிறது. முருகனுக்கு அதில் ஆட்சேபம் இராது, எனக்கும் இல்லை. படியேறி வரும் கனவான்கள் கிறிஸ்தவ நண்பர்களுக்கு 'ஹாப்பி குட் ஃபிரைடே' என்று வாழ்த்து அனுப்புகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாளுக்கு வாழ்த்தா? இழவு வீட்டில் நுழைந்து தாம்பூலம் கேட்பது போலல்லவா இருக்கிறது! அன்று மாதா கோயிலில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். பூசையே கிடையாது. பல ஊர்களில் பகல் மூன்று மணிக்கு ஆராதனை முடிந்த பிறகு கஞ்சிதான் ஆகாரம். ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து காவடி எடுக்கிற ஊருக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

வாழ்த்துகிறவராவது அறியாமல் செய்கிறார். அறிந்தே செய்தவர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. அன்று பார்த்துத்தான் டில்லியில் தலைமை நீதிபதிகள் மாநாட்டைத் தொடங்கினார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி குரியன் ஜோசப் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். தீபாவளியன்று மாநாடு வைப்பார்களா? ஈத் அன்று வைப்பார்களா? பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாநாடு நடந்தேறியது.

நாட்டின் உச்ச நீதிபதி ஒருவர் பாடே இப்படி. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் கிறிஸ்தவப் பையன் முதலாளிக்கு என்ன கடிதம் எழுதிவிடப் போகிறான்?