பட்டாளத்து நிலம் ஊருக்குக் கிடைக்கும்

"அது மிலிட்டரி இடம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அவங்களுது. கேட்டாலும் தரமாட்டாங்க." எங்கள் ஊர் பூலாம்பாடியிலிருந்து திருச்சி ஜங்ஷனுக்குப் போய்வருகிறவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அரிஸ்டோ மேம்பாலத்தின் சென்னை மார்க்கப் பிரிவு மன்னார்புரம் பக்கம் பாதியில் அறுந்து நின்ற வருஷங்களில் இது ஊரெல்லாம் பரவியது. பாலம் முடிந்த பிறகும் ஓயவில்லை. சாலைக்கோ சாக்கடைக்கோ ராணுவ வேலி குறுக்கே வந்தால் இதைச் சொல்லியே கோப்பை மூடிவிடுகிறார்கள். இதில் உள்ள மூன்று வாதங்களும் தவறு.

காலங்காலமாக அவர்களுடையது என்பது முதல் வாதம். சென்னையின் கதையைப் பாருங்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஜனங்கள் குடியிருந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் அது. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். வீடுகளின் மறைவில் எதிரி கோட்டையை நெருங்கிவிடக் கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று மிச்சத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியே இடித்துத் தள்ளியது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்கு மாற்று இடம் வாங்கியது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று எழுப்பிய புதிய கோயில் இன்று பூக்கடைப் பகுதியில் இருக்கிறது. இதைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று 1773-இல் கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தூண் ராணுவ நிலத்துக்கும் ஓர் ஆரம்பம் உண்டு என்பதற்குக் கல்லில் நிற்கும் சாட்சி. பீரங்கிக்காக ஒழித்த அந்த வெட்டவெளியில்தான் 1892-இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. ராணுவத் தேவை போனது, நிலம் பொதுப் பயனுக்கு வந்தது. வீட்டை இழந்தவர்களின் வாரிசுகளுக்கு அது திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனின் தாராளம் என்று இதைக் கொண்டாட ஒன்றுமில்லை.

பட்டாளம் இருந்த இடம் பட்டாளத்துக்கே என்பது இரண்டாவது. பூலாம்பாடி வட்டாரத்துக்காரர்கள் இதைச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் இறங்கும் சாங்கி, பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்த இடம். 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. 1981-இல் அங்கே பயணிகள் விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை 1968-இல் ஒரே ஒரு டாலர் அடையாள விலைக்குக் கைமாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தொழிற்கூடமானது. அதற்காகச் சிங்கப்பூர் தன் ராணுவத்தைக் கைவிட்டதா? சாங்கியிலேயே அதன் விமானப்படைத் தளமும் இருக்கிறது.

கேட்டாலும் கிடைக்காது என்பது மூன்றாவது. இதற்கு மன்னார்புரமே பதில். மேம்பால வேலை 2014-இல் தொடங்கியது. சென்னைப் பிரிவுக்குத் தேவைப்பட்ட ராணுவ நிலம் 0.66 ஏக்கர், அதாவது 66 சென்ட். நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சோளக்கொல்லை இதைவிடப் பெரிது. அந்த 66 சென்ட் கைக்கு வருமுன்பே மற்றப் பிரிவுகளுக்குத் தூண் எழும்பிவிட்டது. அதன்பின் நடந்தது கடித யுத்தம். கடைசியில் 2022-இல் பாதுகாப்பு அமைச்சகம் வேலை செய்ய அனுமதி தந்தது; 2023-இல் பாலம் முழுதும் திறக்கப்பட்டது. ஆக, கிடைத்தது. கிடைக்கத் தாமதமானதற்கு ராணுவத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நிலத்தைப் பேசி முடிக்காமல் டெண்டர் விட்டது யார்?

ராணுவ நிலம் இனாமாக வராது. சம மதிப்புள்ள வேறு நிலம் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மதிப்புக்கு ராணுவம் கேட்கும் கட்டடங்களைக் கட்டித்தர வேண்டும். மாநில அரசு இதற்குத் தயாராக வந்தால் பேச்சு நகர்கிறது. 2024 மார்ச்சில் செகந்திராபாத் கண்டோன்மென்ட் வழியே மேம்பாலச் சாலைகள் அமைக்கத் தெலங்கானாவுக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான். தர முடியாத நிலமும் உண்டு. வெடிமருந்துக் கிடங்கையும் துப்பாக்கிச் சுடுதளத்தையும் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் சாலையோரத்து 66 சென்ட் அந்தக் கணக்கில் சேராது.

எனவே "மிலிட்டரி இடம்" என்று ஓர் அதிகாரி கைவிரித்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்த சர்வே எண், எத்தனை சென்ட், பாதுகாப்பு நில அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது, ஈடாக அரசு என்ன தருவதாகச் சொன்னது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வருமுன் டெண்டர் விட அனுமதிக்காதீர்கள்.