செவிக்கல் கூறும் சான்று

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த காட்டூர் முதலான ஊர்களில், மீனுண்டு எழுவார் இலையோரத்தே ஒதுக்கும் எச்சங்களுள் முள்ளேயன்றிச் சிறு வெண்கல் ஒன்றும் கிடக்கக் காணலாம். கத்தாளையின் தலையைச் சுவைப்பார் பல்லில் அது நெருடும், எடுத்தெறிவர். குப்பையிற் சேரும் அக்கல்லைத்தான் உலகின் மீனியல் அறிஞர்கள் கழுவி உலர்த்தி, ஈர்ந்து மெருகிட்டு, நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அம்மீன் எந்நீரிற் பிறந்தது, எந்நீரில் வளர்ந்தது, எக்கூட்டத்தைச் சேர்ந்தது எனப் படித்தறிகின்றனர். ஏரிக்கரைத் தமிழன் எறிவது வெறுங்கல்லன்று. தன் ஏரியின்பொருட்டுச் சான்று கூறவல்ல ஓர் ஆவணம்.

அதனைக் காதெலும்பு என்பாரும் உளர். அது பிழை. எலும்பின் ஆக்கம் வேறு. இதன் ஆக்கம் வேறு. பெரும்பாலான மீன்களின் தலையினுள் இருபுறத்தும் மும்மூன்றாக ஆறு கற்கள் உள. சுண்ணாம்புப் பொருளும் சிறிதளவு புரதமும் கூடி அவை ஆகின்றன. மீன் ஒலியுணர்தற்கும், நீரில் நிலைதவறாது நிற்றற்கும் அவையே துணை. ஆங்கிலர் இதனை ஓட்டோலித்து என்பர். அப்பெயரைக் கேட்ட அளவில், இத்துணை நுட்பமான பொருளுக்குத் தமிழிற் சொல்லுண்டோ எனத் தயங்கும் கற்றாரும் இருக்கின்றனர். அவர் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தாரில்லை. கிரேக்க மொழியிற் காதுக்கு ஒரு சொல். கல்லுக்கு ஒரு சொல். இரண்டையும் ஒட்டியதே அப்பெயர். செவிக்கல் என்று தமிழன் சொன்ன மாத்திரத்தில் அப்பொருள் முழுவதும் அடங்கிற்று. பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கிற்று. கடன் வாங்குதற்கு ஈண்டு இடமேது?

செவிக்கல் மீனோடு பிறந்து மீனோடு வளர்வது. மரத்தின் வெட்டுவாயில் ஆண்டு வளையம் தோன்றுதல் போலக் கல்லிலும் வளையங்கள் தோன்றும். 1899ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இரைபிசு என்பார் தட்டைமீன் ஒன்றன் செவிக்கல்லில் ஆண்டு வளையங்களைக் கண்டு அதன் அகவையைக் கணித்தார். 1971ஆம் ஆண்டில் பன்னெல்லா என்பார், அவ்வளையங்களுக்கிடையே நாளுக்கொன்றாகப் படியும் நுண்வளையங்களும் உண்டெனக் காட்டினார். மீன் உணவின்றி மெலியுங்கால் எலும்பிலுள்ள பொருளை உடல் மீட்டெடுத்துக் கொள்ளுதல் கூடும். செவிக்கல்லிற் படிந்ததோ படிந்ததே. அக்கணக்கில் அடித்தல் திருத்தல் இல்லை.

படிவது சுண்ணாம்பு மட்டுமன்று. நீரிற் கரைந்துள்ள இசுட்ரான்சியம், பேரியம் முதலிய தனிமங்களும் நுண்ணளவிற் படிகின்றன. கடல்நீரில் வாழ்ந்த காலத்துப் படிவில் இசுட்ரான்சியம் பொதுவாக மிகுந்திருக்கும். ஆற்றுநீர் கலந்த காலத்துப் படிவில் பேரியம் மிகும். எனவே கல்லின் நடுப்புள்ளி பிறந்த நீரையும், இடைவளையங்கள் வளர்ந்த நீரையும், விளிம்பு பிடிபட்ட நீரையும் கூறுகின்றன. கல்லின் புறவடிவமும் கூட்டத்திற்குக் கூட்டம் வேறுபடுதலுண்டு.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. தென்மார்க்கு, சுவீடன் நாடுகளுக்கு இடைப்பட்ட கடலில் எர்ரிங்கு மீன்கள் கலந்து திரிகின்றன. இலையுதிர் காலத்தில் முட்டையிடும் வடகடற் கூட்டமும், இளவேனிலில் முட்டையிடும் மேற்குப் பால்டிக்குக் கூட்டமும் ஒரே வலையில் விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செவிக்கல்லின் உள்வளையங்களைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிந்து, எக்கூட்டத்தினின்று எவ்வளவு பிடிபட்டது எனக் கணக்கிடுகின்றனர். இல்லையேல், வலிய கூட்டத்தின் பெயரால் மெலிந்த கூட்டம் அழியும். அழிந்தபின் அவ்விடத்தை மற்றது வந்து நிரப்புமென்னும் உறுதியில்லை.

இந்தியாவிலும் அலிகர் முசுலிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கங்கையாற்றுக் கெளிற்று மீன்களின் செவிக்கற்களை ஆய்ந்து கூட்டங்களைப் பிரித்துக் காட்டியுள்ளனர். கங்கை மீனுக்கு வாய்த்த பேறு பழவேற்காட்டு மீனுக்கும் வாய்த்தல் வேண்டும். சில்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளது. தெற்கே ஆரணியாறு நன்னீர் தருகின்றது. முகத்துவாரம் கடல்நீர் தருகின்றது. மடவை கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரி புகுந்து வளரும்; முதிர்ந்தவை மீண்டும் கடலுக்குச் செல்லும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரி ஊர்களின் வலை வெறுமையாதலை மீனவர் அனைவரும் அறிவர். ஏரி கெட்டால் கடல்மீனும் குறையும் என்று அவர்கள் சொல்லும்போது, அதற்குச் சான்று யாதென வினவுவார் உண்டு. கடலிற் பிடிபட்ட மடவையின் செவிக்கல்லில் ஏரிநீரின் பதிவிருக்குமாயின் அதனினும் சிறந்த சான்று யாது வேண்டும்?

எண்ணூர்க் கடலில் 2017ஆம் ஆண்டு சனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவிற்று. 2023ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்தது. இத்தகைய கேடுகளில் படகுக்கும் வலைக்கும் இழப்புக் கணக்கிடுதல் எளிது. மீன் வளரும் தொட்டிலாகிய நீர்நிலைக்கு நேர்ந்த இழப்பை எவ்வாறு கணக்கிடுவது? எந்நீர்நிலை எவ்வளவு மீனை வளர்த்துக் கடலுக்குத் தந்தது என்னும் கணக்கு முன்னரே இருந்தாலன்றி அது கைகூடாது. அக்கணக்கைத் தரவல்லது செவிக்கல்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடை உள்ளது. தடை நன்றே. ஆயின் எல்லா மீனும் ஒரே காலத்தில் முட்டையிடுவதில்லை. இளமீனின் செவிக்கல்லிலுள்ள நாள்வளையங்களைப் பின்னோக்கி எண்ணினால் அது பிறந்த நாள் ஏறத்தாழ விளங்கும். எம்மீனுக்கு எத்திங்களிற் காப்பு வேண்டுமென்பது அவ்வாறே துணியத்தக்கது.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. செவிக்கல் குருதியைக் கூறுவதன்று; வாழ்ந்த நீரையே கூறுவது. ஒரே வழித்தோன்றிய மீன்கள் இருவேறு நீர்களில் வளரின் இருவேறு கற்களைக் கொள்ளும். இரு நீர்நிலைகள் தம்முள் ஒத்திருப்பின் கற்களும் ஒத்து, பிரித்தறிதல் அரிதாகும். ஆதலின் மரபணு ஆய்வையும் உடன்வைத்தே முடிவு கூறல் வேண்டும். உலகெங்கும் ஒரே பெயரால் வழங்கும் மடவை உண்மையிற் பல மரபினது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. சான்று எதுவரை செல்லுமோ அதுவரையே சொல்லுதல் அறிவுடையார் கடன்; மிகைபடக் கூறின் ஏரிக்குரிய வழக்கே மெலியும்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது. சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கெனவே நடுவணரசின் ஆய்வு நிறுவனம் உள்ளது. கருவிகளும் கற்றவரும் அண்மையில் இருக்கின்றனர். இடமும் நாளும் குறித்து மீன்தலைகளைத் திரட்டித் தர ஏரிக்கரை மீனவரினும் மீன்விற்கும் பெண்டிரினும் தக்கார் யார்? அவர்களை வெறும் ஏவலராகக் கொள்ளாது ஆய்வின் பங்காளராகக் கொள்ளுதல் வேண்டும். முடிவுகளை முதற்கண் தமிழில் எழுதி, அவ்வூர்களிற் படித்துக் காட்டுதல் வேண்டும். மீனவருக்கு விளங்காத மொழியில் அவருடைய ஏரியைப் பற்றி எழுதப்பெற்ற அறிக்கை, அவருக்கு எதிராக ஆளப்படினும் அவர் அறியார்.

அம்மக்கள் அறிவிற் குறைந்தவரல்லர். மீன்பிடிக்கும் இடங்களைத் திருவுளச்சீட்டாலும் முறைமாற்றாலும் பகிர்ந்துகொள்ளும் தம் ஏற்பாட்டிற்குப் பாடு என்று பெயரிட்டு வாழ்பவர் அவர். பொதுவளம் பேணும் முறைகளை ஆய்வோர் அச்சொல்லை மொழிபெயர்க்கவியலாது, ஆங்கில ஏடுகளிலும் பாடு என்றே எழுதுகின்றனர். உலகுக்கு ஒரு சொல் ஈந்த ஏரிக்கரை, தன் மீனின் தலையிலுள்ள கல்லுக்கு மட்டும் பிறமொழிப் பெயரை இரவல் வாங்கவோ?

இலையோரத்துக் கல்லை எறியுமுன் காட்டூர்ச் சிறுவன் ஒருவன் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதன் பெயர் செவிக்கல் என்று அவன் ஆசிரியர் சொல்லட்டும். தன் ஏரியின் வரலாறு தன் உள்ளங்கையில் இருப்பதை அவன் உணர்வானாயின், அதனைத் தூர்க்கவும் கெடுக்கவும் பின்னாளில் எவர்க்கும் எளிதில் இசையான்.