பழைய கதவு டைனிங் டேபிள் ஆகலாம். அந்த வீடு ஏன் இடிந்தது?

இன்ஸ்டாவில் வீட்டு அலங்கார ரீல்ஸ் பார்ப்பவர் என்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். புது அபார்ட்மென்ட், வெள்ளைச் சுவர், நடுவில் ஒரு டைனிங் டேபிள். மேலே கண்ணாடி, அதற்குக் கீழே பித்தளைக் குமிழ் பதித்த பழைய தேக்குக் கதவு. கமென்ட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எங்க வாங்கினீங்க, என்ன விலை?"

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கதவு இருந்த வீடு என்ன ஆச்சு?

பழைய மரத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

அழகு ஒரு காரணம். அதைவிட முக்கியம், மரத்தின் பக்குவம். பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே இருந்த தேக்கில் ஈரம் நன்றாக வற்றியிருக்கும். புது மரம் போல எளிதில் முறுக்கிக்கொள்ளாது. வைரம் பாய்ந்த அகலப் பலகைகளும் நீள உத்தரங்களும் இன்று மரக்கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

'பர்மா தேக்கு' விஷயத்தில் இது இன்னும் உண்மை. 2014 ஏப்ரல் 1 முதல் முழு மரத்தடிகளை ஏற்றுமதி செய்ய மியான்மர் தடை விதித்தது. ஆனால், அதற்குப் பல காலம் முன்பே அந்தத் தேக்கு செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பர்மாவில் கடன் தொழில் நடத்திய நகரத்தார், சொந்த ஊரில் கட்டிய வளவு வீடுகளுக்குத் தூணாகவும் நிலைக்கதவாகவும் அதைக் கொண்டுவந்தார்கள். 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்த பிறகு அந்தத் தொழில் நொடிந்தது. வீடுகள் மட்டும் நின்றன.

மரம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழி. முதல் வழி, ஆயுள் முடிந்த கட்டடங்கள். சென்னையில் 40 ஆண்டுகளைத் தாண்டிய ஃப்ளாட்டுகள் பல இடித்துக் கட்டப்படுகின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். இங்கே மரத்தை மீட்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. மீட்காவிட்டால்தான் நஷ்டம். ஜேசிபி வைத்து இடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நிலையும் ஜன்னல் சட்டமும் பிளந்து குப்பையோடு போகும். கையால் பிரித்தால் மரம் பிழைக்கும், நாளும் கூலியும் கூடும்.

இரண்டாவது வழிதான் கவலை தருவது: இன்னும் நிற்கக்கூடிய வீடுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தூணும் கதவும் எனாமல் தட்டும் வரிசையாக நிற்கும். கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றுவதற்கே பெரிய தொகை வேண்டும். வீடாக வைத்திருந்தால் செலவு, பிரித்து விற்றால் வரவு. இந்தக் கணக்கு மாறாத வரை வீடுகள் இடிந்துகொண்டுதான் இருக்கும். யுனெஸ்கோவின் உலக பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே இடம்பெற்றன. அந்தப் பட்டியல் யாருடைய ஓட்டையும் மாற்றித் தராது.

அப்போ வாங்கக் கூடாதா?

வாங்கலாம். பழைய மரத்தில் செய்த ஒரு மேசை, புதிதாக ஒரு மரம் வெட்டப்படுவதைத் தவிர்க்கும். ஆசாரிக்கு நல்ல வேலையும் கொடுக்கும். "பழைய மரம்தானே, ஏன் இவ்வளவு விலை?" என்று பேரம் பேசுவதற்கு முன் அந்த வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்க வேண்டும். உள்ளே ஒன்று தங்கிவிட்டாலும் ரம்பத்தின் பல் போய்விடும். பழைய துளைகளை அடைத்து, உளுத்த பகுதியை வெட்டி எறிந்து, மிஞ்சியதற்கு ஏற்ப அளவை மாற்றி வரைய வேண்டும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள்:

1. எந்த ஊர், எந்த மாதிரிக் கட்டடத்திலிருந்து வந்தது? ஏன் இடித்தார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் யோசியுங்கள்.

2. பெயின்ட் அடித்த மரமா? வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்கு ஆபத்து.

3. மரத்தைத் தட்டினால் மாவு போல உதிர்கிறதா? அப்படியென்றால் வண்டு இன்னும் உள்ளே இருக்கலாம்.

4. முழுக்கப் பழைய மரமா, அல்லது மேல் பலகை மட்டுமா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

கட்டட இடிபாட்டுக் கழிவுக்கு 2016-ல் விதிகள் வந்தன. 2025-ல் புதிய விதிகளும் அறிவிக்கப்பட்டன. புதிய விதிகளின் முக்கியப் பொறுப்புகள் 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கானவை. நம் தெருவில் இடிபடும் தனி வீடு அந்த அளவுக்குள் வராது. எனவே, இடிப்பதற்கு அனுமதி கேட்கும்போதே கதவு, நிலை, தூண், உத்தரம் எத்தனை, எங்கே போகின்றன என்று ஒரு பக்கப் பட்டியல் தருவதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்கலாம். வாங்குபவரின் முதல் கேள்விக்கு அந்தப் பட்டியலே பதிலாகிவிடும். பாரம்பரிய வீடுகளைப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால், பங்காளிகளின் கணக்கும் கொஞ்சம் மாறும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா சாட்சி. இடிபட இருந்த பழைய வீடுகளின் பாகங்களை வாங்கி, கைவினைஞர்களை வைத்து அங்கே மறுபடியும் வீடாகவே எழுப்பியிருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. காப்பாற்ற முடியாத வீட்டின் கதவு உங்கள் வீட்டில் மேசையாக நிற்பது நல்லதுதான். காப்பாற்றக்கூடிய வீடு நம் மேசைக்காக விழக் கூடாது. அடுத்த முறை அந்த ரீலில் கமென்ட் போடும்போது, விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "எந்த வீட்டுக் கதவு இது?"